ராஜபாளையம் பொட்டையை அண்ணனோடு சேர்க்கலாமா? டெஸ்ட்டும் தீனியும் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

கேள்வி கேட்டவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அவருடைய ராஜபாளையம் பொட்டைக்கு மூன்று வயது. போன ஈத்தில் ஆறு குட்டி போட்டது. அதில் ஒன்றுக்குக் காது கேட்கவில்லை. இந்த முறை, அந்தப் பொட்டையின் தாய்க்கே வேறு கடுவனால் பிறந்த அண்ணன் நாயோடு சேர்த்தால் ‘ரத்தம் சுத்தமாக இருக்கும்’ என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, தாய்க்கும் குட்டிக்கும் நல்ல தீனி போட்டால் பரம்பரைக் குறை வராமல் தடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். பார்த்தால் டெஸ்ட்டைப் பற்றியும் தீனியைப் பற்றியும் கேட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு என்னவோ அவர் மனதில் இருப்பது வேறு என்று படுகிறது. சேர்க்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றுகிற ஒரு ஜோடியைச் சேர்த்துவிட்டு, அப்புறம் காசாலும் சாப்பாட்டாலும் சரிக்கட்ட முடியுமா என்பதுதான் அது. முடியாது. ஏன் முடியாது, எந்த இடத்தில் டெஸ்ட் உதவும், எந்த இடத்தில் சாப்பாடு உதவும் என்று எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர். 27 வருஷம் அரசு மருந்தகங்களில் வேலை; பெரும்பகுதி பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், அதாவது 2019இல் தென்காசி தனியாகப் பிரிவதற்கு முந்திய கணக்கில். எனக்குச் சோறு போட்டது மாடும் ஆடும்தான். நாய் பின்னால் வந்து சேர்ந்தது. மரபியல் எனக்குப் படித்த பாடம், தொழில் இல்லை. அதனால் இதில் பாதி புத்தகத்தில் இருப்பது, பாதி மேஜையில் பார்த்தது. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் காது கேளாத குட்டி. வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதற்குக் காரணம் நன்றாகவே தெரிந்த விஷயம். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற நிறமிச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவற்றின் வேலை நிறம் கொடுப்பதில்லை; ஒலியை உணரும் செல்கள் உயிரோடு இருப்பதற்கான சூழலைக் காப்பது. வெள்ளை நிறத்தைக் கொண்டுவரும் சில மரபணுக்கள் இந்த நிறமிச் செல்கள் உடம்பெங்கும் போய்ச் சேராமல் தடுக்கின்றன. உள்காதுக்கும் அவை போய்ச் சேராவிட்டால், பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் அங்கிருக்கும் உணர்செல்கள் அழிந்துவிடும். அப்புறம் எந்த மருந்தும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. டால்மேஷனில் இதை நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பரிசோதித்த டால்மேஷன்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதிலோ இரண்டு காதிலோ செவிடு இருந்தது. ராஜபாளையத்திலும் பால் வெள்ளையும் ரோஜா நிற மூக்கும்தான் அழகு என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறோம். செவிட்டுக் குட்டிகள் வருவதும் அந்த ஊரில் நாய் வளர்க்கிற எவருக்கும் புதுச் செய்தி இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த வகைச் செவிடுக்கு நம்பி எடுக்கும்படியான டி.என்.ஏ. டெஸ்ட் கிடையாது என்பது. ஒரே மரபணுவால் வருகிற குறை இல்லை இது. இருக்கிற டெஸ்ட் வேறு: தலையில் மெல்லிய ஊசிமுனைகளைப் பொருத்தி, காதில் ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுத்து, மூளைத்தண்டு பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். ‘பேயர்’ டெஸ்ட் என்று பெயர். குட்டிக்கு ஐந்து வாரம் ஆனதும் எடுக்கலாம். ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சொல்லிவிடும். அதுதான் இதன் அருமை. ஏனென்றால் ஒரு காது மட்டும் செவிடான நாயை வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அது கூப்பிட்டால் வரும், தட்டுச் சத்தம் கேட்டால் ஓடி வரும். ஆனால் குட்டி போட்டால் செவிட்டுக் குட்டிகளின் எண்ணிக்கை கூடும். உங்கள் பொட்டையோ போன முறை சேர்த்த கடுவனோ அப்படி ஒரு காது நாயாக இருக்க வாய்ப்பு உண்டு. உறுதியாகச் சொல்ல முடியாது. டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

வீட்டில் செய்கிற சோதனையில் ஒரு சூது இருக்கிறது. கை தட்டினால் குட்டி திரும்புகிறதே என்பார்கள். அது சத்தத்துக்குத் திரும்புவதில்லை. காற்று அசைவதற்கும், தரை அதிர்வதற்கும், பக்கத்துக் குட்டி திரும்பியதைப் பார்த்தும் திரும்பும். ஒவ்வொரு குட்டியையும் தனியாகத் தூக்கிப் போய், துணி விரித்த தரையில் விட்டு, அது உங்களைப் பார்க்காத நேரத்தில், முதுகுப்பக்கம் எட்ட நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒருவர் ஏழு மாதக் கடுவனைக் கொண்டுவந்து, “கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கு சார், ரொம்பத் திமிரு பிடிச்ச நாய்” என்றார். திமிரைக் குறைக்க அடித்தும் பார்த்திருக்கிறார். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டை நான் கீழே போட்டேன். மருந்தகத்தில் இருந்த ஆடு மாடெல்லாம் துள்ளின. அந்த நாய் சுவரில் ஊர்கிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, அண்ணன் தங்கை விஷயம். தாய் ஒன்று, தகப்பன் வேறு என்றால் பிறக்கும் குட்டியில் உட்கலப்புக் கணக்கு (ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) 12.5 சதவீதம். கூடப்பிறந்தவை இரண்டைச் சேர்த்தாலோ, தகப்பனையும் மகளையும் சேர்த்தாலோ 25. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணம் என்றால் 6.25, அக்கா மகளைக் கட்டினால் 12.5. ஆக நீங்கள் கேட்கும் ஜோடி, அக்கா மகளைக் கட்டியதற்குச் சமம். ‘எங்கள் குடும்பத்தில் அப்படிக் கட்டி ஒன்றும் ஆகவில்லையே’ என்று யாராவது சொல்வார்கள். ஒரு தலைமுறைக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம்தான். ஆனால் இந்த நாயின் பாட்டனும் பூட்டனும் ஏற்கெனவே அதே நாலு தெருவுக்குள் சேர்ந்தவை என்றால், காகிதத்தில் வரும் 12.5 உண்மையில் எங்கேயோ போய் நிற்கும். அந்தப் பழைய கணக்கை யாரும் எழுதி வைத்ததில்லை.

இதன் விளைவு எப்போதும் ஊனமாகத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். ஈத்துக்கு எட்டு வந்த இடத்தில் நாலு வரும். இரண்டு குட்டி மூன்றாம் நாள் காரணம் தெரியாமல் செத்துப்போகும். கடுவனுக்கு ஒரு விதை மட்டும் இறங்கியிருக்கும். மேலண்ணம் பிளந்து, குடித்த பால் மூக்கு வழியாக வரும். சொறி பிடித்தால் போகவே போகாது. ‘கண்ணு பட்டுட்டு’ என்று சொல்லி வீட்டு வாசலில் பூசணிக்காய் உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘சுத்த ரத்தம்’ என்று நம் ஆட்கள் சொல்வது பெரும்பாலும் நிறத்தையும் மூக்கையும்தான். சொல்லப்போனால், ரத்தம் நெருங்க நெருங்க, ஒளிந்திருந்த குறைகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து ஒரே குட்டியில் சேர்வதற்கு வழி திறக்கிறோம்.

அப்படியானால் டி.என்.ஏ. டெஸ்ட் எதற்கு? ஒரே மரபணுவில் வரும், இரண்டு பக்கமும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களுக்கு அது பிரமாதமான கருவி. லாப்ரடாரில் மெல்ல மெல்லக் கண் தெரியாமல் போகிற ஒரு விழித்திரை நோய் இருக்கிறது. பந்து எறிந்து விளையாடும்போது பத்து நிமிஷத்தில் பின்னங்கால் குழைந்து விழுகிற நோய் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் தேய்த்து எடுத்தால் போதும், பதில் வந்துவிடும். நோயைச் சுமக்கும் (பழுது ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் தனக்கு நோய் வராத) இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு வாய்ப்பு நோய் வருவதற்கு. சுமக்கும் நாயைச் சுமக்காத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. பாதிக் குட்டிகள் சுமக்கும், அவ்வளவுதான்.

இங்கே பலர் தவறு செய்கிறார்கள். ‘கேரியர்’, அதாவது சுமக்கும் நாய், என்று வந்தவுடன் அந்த நாயையே வளர்ப்பிலிருந்து ஒதுக்கிவிடுகிறார்கள். நாட்டு நாய் இனங்களில் இருப்பதே கொஞ்சம். அதில் பாதியை ஒதுக்கினால் மீதிப் பாதிக்குள்ளேயே சேர்க்க வேண்டிவரும். ஒரு நோயை விரட்டிய வீட்டில் இன்னொன்று வந்து குடியேறும். ஆப்பிரிக்க நாய் இனமான பசேன்ஜியில் இது நடந்தது. ரத்தசோகை நோய் ஒன்றைச் சுமந்த நாய்களை எல்லாம் வளர்ப்பாளர்கள் தள்ளினார்கள், கூட்டம் சுருங்கியது, வேறு பரம்பரை நோய்கள் தலைதூக்கின. கடைசியில் 1980களின் முடிவில் காங்கோவுக்குப் போய்ப் புது நாய்களைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதனால் நல்ல நாய் ‘கேரியர்’ என்று வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஜோடியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. இன்று விற்கிற டி.என்.ஏ. டெஸ்ட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க இனங்களில் கண்டுபிடித்த மாற்றங்களைத் தேடுபவை. ராஜபாளையத்துக்கோ சிப்பிப்பாறைக்கோ கன்னிக்கோ அந்தப் பட்டியலில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட நோய்களும் ‘இல்லை’ என்று வந்தால், ‘அந்த இனங்களின் குறை இதில் இல்லை’ என்று மட்டுமே பொருள். இதற்கென்று உள்ள குறையைப் பற்றி அந்தத் தாள் வாயே திறக்கவில்லை. ‘டி.என்.ஏ. கிளியர்’ என்று சொல்லிக் குட்டி விற்பவர்களிடம் நான் இரண்டே கேள்வி கேட்பேன்: எந்த நோய்க்கு எடுத்தது? தாளில் உள்ள மைக்ரோசிப் எண் நாயின் தோலுக்கு அடியில் இருக்கிறதா? ஒருவர் போனில் காட்டிய சான்றிதழில் சிப் எண்ணே இல்லை. நாயின் பெயர் ‘ராக்கி’. எதிரில் நின்ற நாய் பெட்டை.

டி.என்.ஏ.வால் பிடிபடாத பெரிய நோய்களில் முதலாவது இடுப்பு மூட்டுக் கோளாறு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இது பல மரபணுக்கள் சேர்ந்து, சாப்பாடும் எடையும் ஓட்டமும் கூடச் சேர்ந்து உண்டாவது. இதற்கு எக்ஸ்ரேதான் டெஸ்ட். மயக்கம் கொடுத்து, கால்களை நேராக நீட்டி எடுக்க வேண்டும். அமெரிக்க முறைப்படி இறுதிச் சான்று இரண்டு வயதில்தான். அதற்குள் நாயை இரண்டு தடவை சேர்த்து முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் நம் பக்கத்து நடப்பு. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இதற்கெல்லாம் சென்னைக்கு ஓட வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. போவதற்கு முன் போன் செய்து, எந்தச் சோதனை எந்த நாளில் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இங்கேதான் தீனி வருகிறது. லாப்ரடாரில் 14 வருஷத்துக்கு மேல் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. நாய்த்தீனி ஆய்வுகளில் இதைப் போல் உறுதியானது குறைவு. 48 குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு போட்டார்கள். அதே பரம்பரை, அதே தீனி. அளவு மட்டும் குறைவு. குறைவாகச் சாப்பிட்டவற்றில் இடுப்புக் கோளாறும் மூட்டுத் தேய்வும் வெகுவாகக் குறைந்தன. சராசரி ஆயுள் 11.2 வருஷத்திலிருந்து 13 ஆயிற்று. மரபணு மாறவில்லை, ஆனால் அது சொன்ன கெட்ட செய்தி எவ்வளவு சத்தமாகக் கேட்டது என்பதைச் சாப்பாட்டின் அளவு மாற்றியது. நம் வீடுகளில் கொழுகொழுவென்று உருண்டு வரும் லாப்ரடார் குட்டியைப் பார்த்தால் எல்லோரும் மகிழ்கிறோம். எனக்கு மட்டும் அதன் இடுப்புதான் கண்ணில் படும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டாம். தடவினால் விரலுக்குத் தெரிய வேண்டும். அதுதான் அளவு.

கால்சியம் டானிக்கைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெரிய இனக் குட்டி என்றால் வாங்கி வந்த அன்றே ஒரு பாட்டில் கால்சியம் வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியின் குடல், தேவைக்கு மேல் வருகிற கால்சியத்தை ‘போதும்’ என்று தள்ளிவிடத் தெரியாதது. கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். விளைவு, எலும்பும் குருத்தெலும்பும் தப்புத் தப்பாக வளரும். நல்ல கம்பெனித் தீனி போடுகிற குட்டிக்குத் தனிக் கால்சியம் வேண்டவே வேண்டாம். இதற்கு நேர் எதிர்க்கோடியும் நம்மிடம் உண்டு. கறிக்கடையில் எலும்பில்லாமல் வாங்கிய கோழி, அதோடு சோறு, வேறொன்றும் கிடையாது. கறியில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் மிகக் குறைவு. உடம்பு தன் எலும்பையே கரைத்துக் கால்சியம் எடுக்கத் தொடங்கும். மூன்று மாதக் குட்டி முன்னங்கால் வளைந்து, பாதம் விரிந்து நடந்து வரும். ‘பரம்பரைக் குறை சார், தாய் சரியில்லை’ என்று விற்றவரோடு சண்டைக்குப் போயிருப்பார்கள். பரம்பரை என்று பழி போட்டு என்னிடம் வந்த வளைந்த கால்களில் பாதிக்கு மேல் தீனியால் வந்தவை. இது என் மேஜைக் கணக்கு. யாரும் ஆய்வு செய்த கணக்கில்லை.

பரம்பரையும் தீனியும் கைகோத்து நிற்கிற அழகான உதாரணம் வேண்டுமென்றால் டால்மேஷன்தான். மற்ற நாய்கள், உடம்பில் பியூரின் என்கிற பொருள் சிதைந்து வரும் யூரிக் அமிலத்தை மேலும் உடைத்துக் கரையக்கூடிய பொருளாக மாற்றி வெளியேற்றும். டால்மேஷனில் அந்த அமிலத்தைக் கல்லீரலுக்குள்ளும் சிறுநீரகத்துக்குள்ளும் கடத்துகிற மரபணு பழுதாகிப் போனது. அதனால் அந்த அமிலம் சிறுநீரில் சேர்ந்து கல்லாகக் கூடும். சுத்த இனத்தில் எல்லா நாய்க்கும் அந்தப் பழுது இரண்டு பக்கமும் உண்டு. அதனால் டெஸ்ட் எடுத்து நல்லதைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. எடுத்தால் எல்லாம் ஒன்றாகத்தான் வரும். 1973இல் அமெரிக்காவில் ஒரு மரபியலாளர் டால்மேஷனை ஒரே ஒரு முறை பாயின்டர் இனத்தோடு சேர்த்து, அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்துக்கொண்டு போனார். புள்ளி திரும்ப வந்தது, நல்ல மரபணுவும் தங்கியது. அந்த வழி வந்த நாய்களை அமெரிக்கக் கென்னல் கிளப் ஏற்றுக்கொள்ள 2011 ஆயிற்று. ‘ரத்தம் கலந்துவிட்டது’ என்று இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் சொன்ன ‘சுத்த ரத்தம்’ இப்போது நினைவுக்கு வருகிறதா?

நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் பழைய வழி டால்மேஷன்தான். பாளையங்கோட்டையில் ஒருவர் தன் கடுவனுக்குத் தினமும் ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), தூத்துக்குடியிலிருந்து வருகிற நெத்திலி, சாளை என்று ராஜ உபசாரம் செய்தார். மே மாத வெயிலில் ஒரு நாள் சிறுநீர் ஒரு சொட்டும் வராமல் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மணல் மாதிரி கற்கள். ஈரல், மண்ணீரல், கிட்னி, நெத்திலி, சாளை எல்லாமே பியூரின் மிகுந்தவை. முட்டையும் தயிரும் பன்னீரும் பியூரின் குறைந்த புரதம். இந்த இனத்துக்குச் சோறு, முட்டை, காய்கறி, தயிர், அதோடு தீனியிலேயே தண்ணீர் கலந்து கொடுப்பது என்று போனால் பெரும்பாலான நாய்கள் கல் இல்லாமல் காலம் தள்ளும். வீட்டுச் சாப்பாட்டில் மற்றச் சத்துகள் குறையாமல் பார்க்க மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட் கைவிட்ட இடத்தில் சாப்பாடு காப்பாற்றிய கதை இது. ஆனால் அதே டால்மேஷனின் காதைச் சாப்பாடு காப்பாற்றாது.

டாபர்மேனுக்கு வருகிற இதய வீக்கத்தில் விஷயம் இவ்வளவு தெளிவில்லை. அதற்கு மரபணு டெஸ்ட் இருக்கிறது. ஆனால் மாற்றம் இருக்கிற நாய்க்கெல்லாம் நோய் வருவதில்லை, இல்லாத நாய்க்கும் வருகிறது. இந்த டெஸ்ட்டை மட்டும் நம்பி ஜோடி சேர்ப்பது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடப்பது. வருஷா வருஷம் எக்கோ, 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிகிற ஹோல்டர், இவைதான் நம்பிக்கையானவை. சாப்பாட்டுக்கு இதில் பங்கு உண்டா? தானியமில்லாத, பட்டாணியும் பருப்பும் மிகுந்த தீனி சாப்பிட்ட நாய்களுக்கு இதய வீக்கம் வந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. எதனால் என்று இன்று வரை முடிவாகவில்லை. என் யோசனை எளிது: நாய்க்குத் தானியம் ஆகாது என்ற பேச்சை நம்பி, விலை கொடுத்துத் தானியமில்லாத பாக்கெட்டை நெட்டில் வரவழைக்காதீர்கள். கம்பும் கேப்பையும் தின்று வேட்டைக்கு ஓடின நாய்கள் நம்முடையவை. அதே சமயம், சைவ வீட்டில் தயிர்ச்சோறு மட்டும் போட்டு டாபர்மேன் வளர்ப்பதும் சரியில்லை. முட்டையாவது வீட்டுக்குள் வரட்டும். அதற்கும் மனசில்லையென்றால் சத்துக் கணக்குப் பார்த்துச் செய்த கம்பெனித் தீனியைத் தொழுவத்தில் வைத்துப் போடுங்கள். அப்படிச் செய்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

சினையான பொட்டைக்கு என்ன கொடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். 63 நாள் கணக்கில் முதல் ஐந்து வாரம் வழக்கமான அளவே போதும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குட்டி பால் குடிக்கிற மூன்றாம் நான்காம் வாரத்தில் இரண்டு மூன்று மடங்கு வரை கேட்கும். சினைக் காலத்தில் கால்சியம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கிற சுரப்பி சோம்பேறியாகிவிடும். பால் சுரக்கிற நேரத்தில் ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரும். ஈரலைத் தினமும் போடாதீர்கள். வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் அண்ணப் பிளவு வரலாம். ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அண்ணப் பிளவு குறையும் என்று சப்பை மூஞ்சி இனங்களில் செய்த ஆய்வுகள் சில உண்டு. எல்லா இனத்துக்கும் அது பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் குட்டிகளைக் கொல்வது பரம்பரை நோய் இல்லை. பார்வோ என்கிற வைரஸ் நோயும் உண்ணிக் காய்ச்சலும்தான். டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுத் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இணை சேர்ப்பதற்கு முன் கட்டாயம் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையும் பரம்பரை சம்பந்தப்பட்டது இல்லை. கருவைக் கலைக்கிற புரூசெல்லா கிருமிக்கானது, அது மனிதருக்கும் தொற்றும். சொறியைப் பற்றியும் ஒரு வார்த்தை: இளம் வயதில் உடம்பு முழுக்கப் பரவுகிற டெமோடெக்ஸ் சொறி வந்த நாயை, குணமானாலும் வளர்ப்புக்கு வைக்க வேண்டாம். அந்தப் பலவீனம் குடும்பத்தில் ஓடுவது. சொறிக்கும் உண்ணிக்கும் ஐவர்மெக்டின் ஊசியைத் தாங்களே வாங்கிப் போடுகிறவர்கள், வீட்டில் கோலி (Collie) இன நாயோ அதன் கலப்போ இருந்தால் அந்த ஊசியைத் தொடவே கூடாது. எம்.டி.ஆர்.1 என்கிற மரபணு மாற்றம் உள்ள நாயை அது கோமாவில் தள்ளிவிடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனோடு சேர்க்காதீர்கள். போன முறை சேர்த்த கடுவனோடும் மறுபடி சேர்க்காதீர்கள். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் கிட்டத்தில்தான் இருக்கிறது; ஆனால் போய்க் கடுவனை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலைதான். அதன் கூடப்பிறந்தவை எங்கே இருக்கின்றன, எத்தனை வயது, காது கேட்கிறதா, எட்டு பத்து வயது வரை இருந்த தாய் தகப்பன் உண்டா என்று விசாரியுங்கள். என்னைக் கேட்டால், கரு மூக்கும், உடம்பில் எங்காவது கொஞ்சம் நிறமும் உள்ள நல்ல நாய் கிடைத்தால் முகம் சுளிக்காமல் எடுங்கள். டால்மேஷனில் நிறத்திட்டோடு பிறந்தவற்றுக்குச் செவிடு குறைவு என்று கண்டிருக்கிறார்கள். ராஜபாளையத்திலும் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். கண்காட்சியில் பரிசு கிடைக்காமல் போகலாம், போகட்டும். முடிந்தால் இரண்டுக்கும் பேயர் டெஸ்ட் எடுங்கள். சட்டம் என்று பார்த்தால், 2017இல் வந்த நாய் வளர்ப்பு விதிகள் 18 மாதத்துக்கு முன் பொட்டையைச் சேர்க்கக் கூடாது, எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. எட்டு வாரம் வைத்திருந்தால் காதையும் சோதித்துவிடலாம்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில் கன்னி நாய் வளர்த்த ஒரு பெரியவர் இருந்தார். எழுத்து வாசனை அதிகமில்லை. பேரனின் பள்ளிக்கூட நோட்டில், எந்தப் பொட்டை எந்தக் கடுவனோடு, எத்தனை குட்டி, எது யார் வீட்டுக்குப் போயிற்று, எது எப்படிச் செத்தது என்று பேரனை விட்டே எழுத வைப்பார். “அண்ணாச்சி, குட்டி வித்தாச்சுன்னா சோலி முடிஞ்சிட்டுன்னு நினைக்காதிய, அங்க இருந்துதான் கணக்கே தொடங்குது” என்பார். அவர் எந்த லேபுக்கும் ஒரு பைசா அனுப்பியதில்லை. அந்த நோட்டில் இருந்த விவரம் எந்த லேபிலும் கிடைக்காது.

காது கேளாத அந்தக் குட்டி இப்போது உங்களிடமே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். ரோட்டோர வீட்டில் விட்டால் வண்டியில் அடிபட்டுச் சாகும். காம்பவுண்டுக்குள் வையுங்கள், கை சைகையில் பழக்குங்கள், ராத்திரி கூப்பிட டார்ச் வெளிச்சத்தை இரண்டு முறை அடித்துக் காட்டினால் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பயந்து கடிக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். வயது வந்ததும் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடுங்கள். மற்ற ஐந்து குட்டி போன ஐந்து வீட்டுக்கும் இந்த வாரமே போன் போட்டு, சாவிக்கொத்துச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வருகிற பதிலை ஒரு நோட்டில் எழுதுங்கள். கடுவன் தேடுகிற வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், பொட்டை அடுத்த பருவத்துக்கு வர இன்னும் நாள் இருக்கிறது.